ஸ்பானிஷ் படிக்க: கைபேசியா, கல்லூரியா, குவாத்தமாலாவா?

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மெக்சிகோவில் மிச்சோவாகான் மாநிலத்துக்காரர். நாங்கள் கலிபோர்னியாவில் மில்பிடாஸ் என்ற ஊரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரமே வேலிக்கு மேலே ஒரு பை எலுமிச்சம்பழம் நீட்டினார். பதிலுக்கு நான் ஒரு கொத்து கறிவேப்பிலை பறித்துக் கொடுத்தேன். ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு என்னவோ கேட்டார். எனக்குப் புரியவில்லை, சிரித்தேன். அவரும் சிரித்தார். இப்படியே எட்டு வருடம் ஓடிவிட்டது. அவர் வீட்டுச் சமையல் வாசனை எனக்கு மனப்பாடம், அவருடைய பேரன்கள் வளர்ந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஆனால் அவரோடு ஒரு வாக்கியம் பேசியதில்லை.

சென்ற ஆண்டு ஜனவரியில் ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கியது இதனால்தான். கைபேசிச் செயலி, சமூகக் கல்லூரி மாலை வகுப்பு, இணையவழித் தனி ஆசிரியர், குவாத்தமாலாவில் இரண்டு வாரம் என்று நான்கு வழிகளையும் பார்த்தாகிவிட்டது. "நாங்களும் சேரலாம்னு இருக்கோம், எதுல சேரலாம்?" என்று கேட்கும் நண்பர்களிடம் நான் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்கிறேன்: யாரோடு பேசப் போகிறீர்கள்? அதற்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிடும். மீதிப் பாதிக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் நேரக் கணக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக அதிகாரிகளுக்கு மொழி சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சி நிலையம் வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் ஸ்பானிஷில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற 600 முதல் 750 மணி நேர வகுப்பு வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதே பட்டியலில் தமிழுக்கு 1,100 மணி நேரம். ஆக, ஸ்பானிஷ் அவர்களுக்குச் சுலபமான மொழி வரிசையில் வருவது. அதற்கே 600 மணி நேரம் என்றால், மூன்று மாதத்தில் சரளமாகப் பேசலாம் என்று விளம்பரம் செய்யும் எதையும் நம்ப வேண்டாம். ஐரோப்பிய அளவுகோலில் ஏ1-இல் தொடங்கி சி2 வரை ஆறு படிகள். வேலியோரம் நின்று பேச ஏ2 போதும். மருத்துவமனையிலோ வழக்கறிஞர் அலுவலகத்திலோ ஸ்பானிஷில் வேலை பார்க்க வேண்டுமானால் பி2-வாவது வேண்டும்.

தமிழ் தெரிந்தவர்களுக்குக் கிடைக்கும் சலுகை

மேலே சொன்ன கணக்கு ஆங்கிலக்காரர்களுக்கானது. தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சில இடங்களில் பாதை குறுகல் இல்லை, நல்ல அகலம். இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பத்து வருடம் முன்பே தொடங்கியிருப்பேன்.

கல்லூரி வகுப்பில் ஒருநாள் ஆசிரியை பலகையில் 'மே குஸ்தா எல் காஃபே' என்று எழுதினார். காபி பிடிக்கும் என்பதற்கு இப்படிச் சொல்வார்கள். நான் என்பது எங்கே போயிற்று, காபி ஏன் எழுவாயாக நிற்கிறது என்று வகுப்பே குழம்பியது. ஆசிரியை அரை மணி நேரம் அம்புக்குறி போட்டு விளக்கினார். நான் நோட்டின் ஓரத்தில் 'எனக்குக் காபி பிடிக்கும்' என்று எழுதிவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டேன். 'மே' என்றால் எனக்கு, 'குஸ்தா' என்றால் பிடிக்கும், அவ்வளவுதான். 'மே துவேலே லா கபேசா' என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. அங்கேயும் வலிப்பது தலைதான், நமக்கு வலிக்கிறது.

வினைச்சொல் விகுதிகளும் அப்படித்தான். ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, ஆப்லாமோஸ் என்றால் பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறாள், பேசுகிறோம். யார் பேசுகிறார் என்பது விகுதியிலேயே இருப்பதால் நான், நீ என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒலியிலும் உதவி உண்டு. 'அது' என்பதில் வரும் மெல்லிய த, 'மகன்' என்பதில் வரும் மெல்லிய க இரண்டும் ஸ்பானிஷில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் எழுத்துகளுக்கு அப்படியே பொருந்தும். ஞ அவர்களுக்கும் உண்டு. நீஞோ என்றால் சிறுவன், மஞானா என்றால் நாளை. பேரோ என்றால் 'ஆனால்', பெர்ரோ என்றால் நாய். ரகரத்தையும் றகரத்தையும் இன்னமும் பிரித்துச் சொல்லும் நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு பாடமே இல்லை.

அப்புறம் சொற்கள். மேசைக்கு ஸ்பானிஷில் மேசா. துவாலைக்குத் தோவாயா. பொத்தானுக்குப் போத்தோன். மேஸ்திரிக்கு மாயெஸ்த்ரோ. இலங்கையில் சப்பாத்து என்கிறார்களே, அது அங்கே சபாத்தோ. நம்மிடம் இவற்றை விட்டுப்போனவர்கள் போர்த்துகீசியர்கள். அந்த மொழியும் ஸ்பானிஷும் லத்தீன் வயிற்றில் பிறந்த உடன்பிறப்புகள்.

கஷ்டமும் உண்டு. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். கை பெண்பால், ஆனால் அந்தச் சொல் ஆண்பால் போல ஓகாரத்தில் முடியும். உயிரில்லாத எல்லாவற்றையும் அஃறிணை என்று ஒரே கூடையில் போட்டுப் பழகிய நமக்கு இது லேசில் பிடிபடாது. 'இரு' என்பதற்கு இரண்டு வினைச்சொற்கள் வேறு. இவை கேட்டுக் கேட்டுத்தான் வரும். எந்த வகுப்பு என்று முடிவு செய்யும்போது இதையும் நினைவில் வையுங்கள்: இலக்கணத்தின் ஒரு பகுதியைத் தமிழ் பார்த்துக்கொள்ளும். காசும் நேரமும் போக வேண்டியது காதுக்கும் வாய்க்கும்.

கைபேசிச் செயலி

ஏழு மாதம் ஒருநாள் விடாமல் செய்தேன். காசு செலவில்லை, பஸ்ஸிலும் செய்யலாம், சில நூறு சொற்கள் மனசில் தங்கின. அமெரிக்காவில் பல ஊர் நூலகங்கள் மாங்கோ லாங்குவேஜஸ் போன்ற சேவைகளை அட்டைதாரர்களுக்கு இலவசமாகத் தருகின்றன. அதையும் கேட்டுப் பாருங்கள். ஆனால் செயலி மட்டும் போதாது என்று எனக்குத் தெரிய ஒரு நாள் வந்தது. தைரியமாக வேலியோரம் போய் அந்த அம்மாவிடம் 'கோமோ எஸ்தாஸ்' என்று நலம் விசாரித்தேன். அவர் சந்தோஷமாகப் பதில் சொன்னார். பக்கத்தில் நின்ற பேரன் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான், பாட்டியிடம் 'கோமோ எஸ்தா' என்று கேட்க வேண்டும் என்று. ஸ்பானிஷிலும் நீ, நீங்கள் உண்டு. 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். நான் பயன்படுத்திய செயலி தொடக்கப் பாடங்களில் பெரும்பாலும் 'தூ' வடிவத்தையே பழக்கிவிட்டது. எழுபது வயது மனுஷியை நீ எப்படி இருக்கே என்று கேட்டுவிட்டேன் என்பது அன்று முழுக்க மனசில் உறுத்தியது. மரியாதை தெரிய ஒரு மனிதர் எதிரே இருக்க வேண்டும்.

சமூகக் கல்லூரி

கலிபோர்னியாவில் சமூகக் கல்லூரிகளின் கட்டணம் மாநிலத்தவர்க்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். யூனிட் என்பது பாடத்தின் அளவு. தொடக்க வகுப்பான ஸ்பானிஷ் 1 பெரும்பாலும் 5 யூனிட், அதாவது 230 டாலர். சில்லறைக் கட்டணங்களும் புத்தகமும் தனி. ஒரு பருவத்துக்குச் சுமார் 80 முதல் 90 மணி நேர வகுப்பு. மணிக்கு மூன்று டாலருக்கும் குறைவாக, பட்டம் பெற்ற ஆசிரியரிடம் படிக்கிறீர்கள். இந்த விலைக்கு இவ்வளவு வகுப்பு வேறெங்கும் கிடைக்காது. எச்-1பி, எச்-4 விசாவில் இருப்பவர்களும் ஒரு வருடத்துக்கு மேல் இங்கே குடியிருந்ததற்குச் சான்று காட்டினால் பொதுவாக மாநிலத்தவர் கட்டணத்திலேயே சேரலாம். கல்லூரி சேர்க்கை அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். நம்மைப் பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மா சுற்றுலா விசாவில் இருந்தால் அவர்களுக்கு இது சரிப்படாது. மதிப்பெண் பயம் இருந்தால் தேர்ச்சி, தேர்ச்சியில்லை என்று மட்டும் பதிவாகும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

வாரம் இரண்டு மாலை, ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம். ஆபீஸ் முடிந்து ஓடினால்தான் பார்க்கிங் கிடைக்கும். வீட்டுப்பாடம் நிறைய. சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்குப் பத்தொன்பது, இருபது வயது. வீட்டில் ஸ்பானிஷ் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல கல்லூரிகள் தனி வகுப்பு வைத்திருக்கின்றன. அதனால் நம் வகுப்பில் எல்லோரும் நம்மைப் போலத் தொடக்கக்காரர்கள்தான்.

எங்கள் ஆசிரியை பெரு நாட்டுக்காரர். முதல் வார வீட்டுப்பாடம்: வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் வழியில் இருக்கும் ஸ்பானிஷ் பெயர்களை எழுதி, பொருள் கண்டுபிடித்து வர வேண்டும். மில்பிடாஸ் என்றால் சின்ன மக்காச்சோளக் கொல்லைகள். அதிலும் 'மில்பா' என்பது ஸ்பானியர் வருவதற்கு முன்பே மெக்சிகோவில் பேசப்பட்ட நாவாட்டில் மொழிச் சொல். லாஸ் காத்தோஸ் என்றால் பூனைகள். பாலோ ஆல்தோ என்றால் உயரமான மரம். சான் ஹோசேயை ஸ்பானியர் 1777-இல் குடியேற்ற ஊராக நிறுவினார்கள். 1848-இல் குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையில் கையெழுத்தாகும்வரை இந்த மண் மெக்சிகோவுடையது. இத்தனை வருடம் இந்தப் பெயர்களை வாயில் வைத்திருந்தும் அவை பேசும் மொழியைக் காதில் வாங்கவில்லை என்று அந்த வாரம்தான் உறைத்தது. ஸ்பானிஷ் இங்கே வந்தேறிய மொழி இல்லை. வந்தேறியவள் நான்.

நவம்பரில் பண்பாட்டுப் பாடமாக ஓர் 'ஓஃப்ரேந்தா' பார்த்து எழுதி வரச் சொன்னார். நவம்பர் 1, 2 தேதிகளில் மெக்சிகோக்காரர்கள் இறந்துபோன தங்கள் மனிதர்களுக்கு வைக்கும் படையல் அது. வேறெங்கும் போக வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டில் போய்க் கதவைத் தட்டினேன். கூடத்தில் மேசைமேல் வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு கிண்ணத்தில் உப்பு, அந்த நாளுக்கென்று சுடும் இனிப்பு ரொட்டி, சுற்றிலும் செம்பசூச்சில் பூ. நம் ஊரில் ஆயுத பூஜைக்கு வண்டியில் கட்டும் அதே செண்டுமல்லி. அந்தப் பூவுக்குப் பிறந்த மண்ணே மெக்சிகோதான். நடுவில் மீசை வைத்த ஒருவரின் போட்டோ. அவர் கணவர்.

எனக்கு அப்போது நிகழ்காலம் மட்டும்தான் தெரியும். இறந்தகாலம் இன்னும் வரவில்லை. தெரிந்ததை வைத்து 'கே லே குஸ்தா?' என்று கேட்டேன். அவருக்கு என்ன பிடிக்கும்? அந்த அம்மா என்னைத் திருத்தவில்லை. 'லே குஸ்தா லா செர்வேசா' என்று சொல்லிப் போட்டோவுக்கு முன்னால் இருந்த பீர் பாட்டிலை நிமிர்த்தி வைத்தார். அவருக்குத் தமால் என்ற மக்காச்சோள மாவுப் பலகாரம் பிடிக்கும். வானொலி பிடிக்கும். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார், எல்லாம் நிகழ்காலத்தில். நாமும் செத்துப்போனவரைப் பற்றி 'அவருக்கு அது ரொம்பப் பிடிக்கும்' என்றுதானே சொல்கிறோம். அன்று பத்து நிமிடம் பேசியிருப்போம். கல்லூரிக்குக் கட்டிய பணம் எனக்கு அந்தப் பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டது.

இதற்கு மாற்றாகப் பள்ளி மாவட்டங்கள் நடத்தும் வயது வந்தோர் பள்ளி உண்டு. வாரம் ஒரு மாலை இரண்டு மணி நேரம், எட்டு பத்து வாரம். பரீட்சை கிடையாது, சக மாணவர்கள் நம் வயதுக்காரர்கள். மொத்தம் 16 முதல் 20 மணி நேரம்தான் என்பதால் கல்லூரியின் ஒரு பருவத்தை எட்ட நான்கைந்து சுற்று போக வேண்டும். ஓய்வு பெற்றவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் நல்லது.

இணையவழித் தனி ஆசிரியர்

கல்லூரி விடுமுறையில் பேச்சு விட்டுப்போகக் கூடாது என்று இதில் சேர்ந்தேன். திரையில் ஓர் ஆசிரியர், நீங்கள், அவ்வளவுதான். கல்லூரியில் முப்பது பேர் நடுவே ஒரு மாலையில் ஐந்து நிமிடம் வாய் திறந்தால் அதிகம். இங்கே மணி நேரம் முழுக்க நீங்கள்தான் பேச வேண்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து படிப்பவர்களுக்கு இதுதான் முதல் வழி. குவாத்தமாலாவில் காலை ஏழு மணி என்றால் நமக்கு மாலை ஆறரை. ஸ்பெயின் ஆசிரியர் என்றால் நேர வித்தியாசம் பருவத்துக்குத் தக்கபடி மூன்றரை அல்லது நாலரை மணிதான்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். நான் ஒரு தளத்தில் இருபது மணி நேரத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டினேன். ஆறாவது வகுப்போடு ஆசிரியர் விலகிவிட்டார். வேறு ஆசிரியர் சரிப்படுவதற்குள் கெடு முடிந்து மீதி மணி நேரமும் போயிற்று. வகுப்புக்கு வகுப்பு பணம் கட்டுங்கள், ஒரு ஆசிரியர் ஒத்துவந்த பிறகு மொத்தமாகக் கட்டலாம். இன்னொன்று, பாடத்திட்டம் யார் கையில் என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வாரா வாரம் 'இந்த வாரம் என்ன செய்தீர்கள்' என்ற பேச்சிலேயே ஓடிவிடும்.

ஆந்திகுவாவில் இரண்டு வாரம்

மார்ச்சில் போனேன். குவாத்தமாலாவில் இருக்கும் ஆந்திகுவா ஒரு காலத்தில் ஸ்பானிய ஆட்சியின் மத்திய அமெரிக்கத் தலைநகர். 1773 நிலநடுக்கத்தில் சிதைந்தபின் தலைநகரை இப்போதைய குவாத்தமாலா நகரத்துக்கு மாற்றிவிட்டார்கள். இடிந்த தேவாலயங்கள் இடிந்தபடியே நிற்கின்றன, நடுவே கருங்கல் பாவிய தெருக்கள், மாலையில் மொட்டை மாடியில் நின்றால் ஃபுவேகோ எரிமலை புகையைத் துப்புவது தெரியும். ஸ்பானிஷ் பள்ளிகள் இந்த ஊரில் ஏராளம். நடைமுறை எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான்: ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர், நாளுக்கு நான்கு மணி நேரம், வாரம் ஐந்து நாள், தங்குவது ஒரு குடும்பத்தோடு. எனக்கு வாரத்துக்கு வகுப்பு, அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 350 டாலரை ஒட்டி ஆனது. விமானக் கட்டணம் தனி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் சாப்பாடு கிடையாது, அது அங்கே வழக்கம்.

முற்றத்தில் ஒரு சின்ன மேசை, இரண்டு நாற்காலி. என் ஆசிரியை கையால் நெய்த 'வீபில்' ரவிக்கை போட்டிருந்தார். அதைப் பற்றிக் கேட்டதில்தான் எங்கள் முதல் பாடம் தொடங்கியது. அவருடைய தாய்மொழி ஸ்பானிஷ் இல்லை, காக்சிகேல். குவாத்தமாலாவில் 22 மாயா மொழிகள் அரசு அங்கீகாரத்தோடு இருக்கின்றன. பள்ளிக்கூடம் போனபின்தான் ஸ்பானிஷ் படித்தாராம். அதனால் எங்கே சறுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. மேசை ஏன் பெண் என்று நான் கேட்டபோது, எனக்கும் அது இன்னும் தெரியாது, சொல்லிப் பழகிவிட்டேன் என்றார். 'ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் பண்பாடு' என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டுவது எவ்வளவு தவறு என்று அவரிடம்தான் கற்றேன். அந்த மொழிக்கு அடியில் இன்னும் எத்தனையோ மொழிகள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன.

நான் போனது தவக்காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் இயேசுவின் சிலையைத் தூக்கிக்கொண்டு ஊதா அங்கி போட்டவர்கள் தெருத் தெருவாக வருவார்கள். ஊர்வலம் வரும் வழியில் வீட்டுக்காரர்கள் 'அல்ஃபோம்ப்ரா' போடுகிறார்கள். அல்ஃபோம்ப்ரா என்றால் கம்பளம், ஆனால் இது மரத்தூளில் போடுவது. சாயம் ஏற்றிய மரத்தூள், பைன் இலை, பூக்கள். நான் தங்கிய வீட்டு அம்மா அதிகாலையில் என்னையும் எழுப்பித் தெருவில் உட்காரவைத்தார். அட்டையில் வெட்டிய அச்சை ஒருவர் பிடிக்க, சல்லடையில் தூளை நான் தூவினேன். 'மாஸ் ரோஹோ', இன்னும் சிவப்பு. 'ஆகி நோ', இங்கே வேண்டாம். 'தெஸ்பாசியோ', மெதுவாக. மார்கழியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கோலத்துக்குக் கலர் போட்ட கை அது. அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஐந்து மணி நேரம் போட்டதை ஊர்வலம் ஐந்து நிமிடத்தில் மிதித்துப் போயிற்று. அதற்காகத்தானே போடுகிறோம் என்றார் வீட்டு அம்மா. குவாத்தமாலாவின் புனித வாரத்தை யுனெஸ்கோ 2022-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நான் அன்று கற்ற நிறங்களும் ஏவல் வினைகளும் இன்றுவரை மறக்கவில்லை.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 'கார்னே (இறைச்சி) வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கோழி வந்து சேரும், ஏனென்றால் பல வீடுகளில் கார்னே என்றால் மாடும் பன்றியும்தான். கார்னே, போயோ (கோழி), பெஸ்காதோ (மீன்) மூன்றையும் பெயர் சொல்லி வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்த்தார்களா என்றும் கேட்டுவிடுங்கள். மற்றபடி கறுப்பு பீன்ஸ், சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்த மக்காச்சோளத்தை அரைத்துத் தட்டிய சூடான தோர்த்தியா, வறுத்த வாழைப்பழம் என்று வயிறு நிறைந்துவிடும். எள்ளும் பூசணி விதையும் மிளகாயும் வறுத்து அரைக்கும் பெப்பியான் குழம்பின் வாசனை அப்படியே நம் வீட்டு வாசனை.

குறை இல்லாமல் இல்லை. ஆந்திகுவாவில் வெளிநாட்டுக்காரர் கூட்டம் அதிகம், காபிக் கடையில் ஆங்கிலம் தானாக வாயில் வரும். அது வேண்டாம் என்றால் மலைமேல் இருக்கும் கெத்சால்தெனாங்கோ நல்லது. 2,300 மீட்டர் உயரம், குளிரும். விசாவையும் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகி, உள்ளே இருக்கும் அனுமதிக் காகிதத்தை மட்டும் வைத்திருப்பவர்கள் குவாத்தமாலா போனால் புது முத்திரை இல்லாமல் திரும்ப முடியாது. அப்படிப்பட்டவர்கள் முத்திரை வாங்கும்வரை பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கொஞ்சமாவது தெரிந்துகொண்டு போவது முக்கியம். பூஜ்யத்தில் போயிருந்தால் முதல் வாரம் எண்களிலும் வாரநாட்களிலும் போயிருக்கும். அதைக் கல்லூரியில் மணிக்கு மூன்று டாலரில் முடித்துவிட்டதால் அந்த நாற்பது மணி நேரமும் பேச்சுக்கே கிடைத்தது. ஓரளவு பேசுகிறவர்கள் மெக்சிகோவின் ஓஹாக்காவையும் யோசிக்கலாம். சாப்பாட்டுக்கும் நெசவுக்கும் பெயர் போன ஊர். ஜாப்போதெக் மொழி மட்டும் பேசி வளர்ந்த பெனித்தோ ஹுவாரெஸ் என்ற அநாதைச் சிறுவன் 1818-இல் பன்னிரண்டு வயதில் வந்து ஸ்பானிஷ் படித்தது அங்கேதான். நாற்பது வருடம் கழித்து அவர் மெக்சிகோவின் அதிபர்.

எந்த ஊர் ஸ்பானிஷ்?

இதில் நண்பர்கள் தேவைக்கு அதிகமாகக் கவலைப்படுகிறார்கள். ஸ்பெயினில் 'நீங்கள் எல்லாரும்' என்பதற்கு நெருக்கமானவர்களிடம் ஒரு சொல், மரியாதைக்கு ஒரு சொல். லத்தீன் அமெரிக்காவில் இரண்டுக்கும் 'உஸ்தேதேஸ்' ஒன்றுதான். அர்ஜெந்தினாவிலும் குவாத்தமாலாவிலும் நீ என்பதற்கு 'வோஸ்' என்று இன்னொன்று. உருளைக்கிழங்கு ஸ்பெயினில் பதாதா, இந்தப் பக்கம் பாப்பா. பஸ்ஸுக்கு மெக்சிகோவில் கமியோன், கியூபாவில் வாவா. மதுரைத் தமிழுக்கும் யாழ்ப்பாணத் தமிழுக்கும் இருக்கும் தூரம்தான், ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியும். கலிபோர்னியாவில் இருந்தால் மெக்சிகோ, மத்திய அமெரிக்க ஆசிரியரைத் தேடுங்கள். மாட்ரிட்டில் வேலை என்றால் ஸ்பெயின் ஆசிரியர். மற்றவர்கள் நல்ல ஆசிரியர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சேருங்கள்.

சான்றிதழ் தேவைப்படுவோருக்கு மட்டும்: ஸ்பெயின் அரசின் தெலே தேர்வை நடத்துவது செர்வாந்தெஸ் நிலையம், அந்தச் சான்றுக்குக் காலாவதி கிடையாது. சியேலே என்ற கணினித் தேர்வின் சான்று ஐந்து வருடம் செல்லும். செர்வாந்தெஸ் நிலையத்துக்கு இந்தியாவில் டெல்லியில் கிளை உண்டு. தேர்வுதான் குறி என்றால் தொடக்கத்திலிருந்தே அங்கே படிப்பது நல்லது, ஏனென்றால் மற்ற வகுப்புகள் அந்தத் தேர்வுக்கென்று கட்டியவை அல்ல.

என்னிடம் கேட்ட நண்பர்களுக்கு நான் சொன்னது இதுதான். பக்கத்தில் ஸ்பானிஷ் பேசும் மனிதர்கள் இருந்து, மாலை நேரமும் இருந்தால் கல்லூரியில் ஒரு பருவம் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். ஒரு பருவம் முடிந்தபின் இரண்டு வாரம் குவாத்தமாலா. நர்ஸாக வேலை பார்க்கும் தோழிக்கு மட்டும் வேறு மாதிரி சொன்னேன்: ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பதால் தனி ஆசிரியரை அமர்த்தி, முதல் மாதத்திலிருந்தே வலி, மாத்திரை, எத்தனை நாளாக என்று தன் வார்டு பேச்சையே பாடமாகக் கேட்கச் சொன்னேன். செயலி எல்லோருக்கும் பக்கவாத்தியம்.

குவாத்தமாலாவிலிருந்து வந்த வாரம் மறுபடி கறிவேப்பிலை பறித்துக் கொடுத்தேன். 'பாரா கே சிர்வே?' என்றார் அந்த அம்மா. இது எதுக்கு ஆகும்? முதல் நாள் கேட்டதும் இதுவாகத்தான் இருக்கும். எண்ணெயில் தாளிப்பதை, மோரில் அரைத்துப் போடுவதை, தலைமுடிக்கு நல்லது என்று எங்கள் பாட்டி சொல்வதைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். இரண்டு இடத்தில் சொல் கிடைக்காமல் நின்றேன், அவர் எடுத்துக்கொடுத்தார்.

இந்த வருடம் எனக்கு ஜூலையில் ஓஹாக்காவா, ஆகஸ்டில் ஸ்பானிஷ் 2-ஆ என்ற கேள்வி இருந்தது. ஜூலையில் அங்கே கெலகெத்சா திருவிழா, ஆட்டமும் பாட்டமும் நெசவும் ஒரே இடத்தில். ஆசை இருந்தது. ஆனால் ஸ்பானிஷில் இறந்தகாலம் இரண்டு வகை. நடந்து முடிந்ததற்கு ஒன்று, முன்பெல்லாம் இப்படித்தான் இருக்கும் என்று சொல்வதற்கு இன்னொன்று. முதலாவதை ஆந்திகுவாவில் படித்துவிட்டேன். இரண்டாவது ஸ்பானிஷ் 2-இல் வருகிறது. நவம்பர் வருவதற்குள் அதைப் படித்துவிட வேண்டும். மீசை வைத்த அந்த மனிதரைப் பற்றிக் கேட்க இன்னும் நிறைய இருக்கிறது. ஸ்பானிஷ் 2-க்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.